எங்கேயும் போகாத சிஸ்டர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் சாலையில் நடந்து போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எதிரே வருகிறவன் "எங்க போறிய?" என்று கேட்பான். பதில் சொல்லாமல் அவனைத் தாண்டிப் போக முடியாது. ரேஷன் கடைக்கு என்று சொல்லலாம், சாவு வீட்டில் துட்டி கேட்க என்று சொல்லலாம், பசுவுக்குப் புல்லறுக்க என்று சொல்லலாம். இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் கடைசியாக ஒன்று உண்டு. "சுகராக்கும். டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டால், கேட்டவன் உச்சுக்கொட்டி, தன் சுகர் எவ்வளவு என்பதையும் சொல்லி, வழிவிட்டுவிடுவான்.

சிஸ்டர் மட்டும் இதில் எதையும் சொல்ல மாட்டார். "எங்க போறிய சிஸ்டர்?" என்று கேட்டால், நின்று, கேட்டவரின் முகத்தை நேராகப் பார்த்து, "எங்கேயும் இல்ல. சும்மா நடக்கேன்" என்பார். கேட்டவர் அன்றைக்கு முழுக்கத் தவித்துப்போவார். சும்மா நடக்கிறாராம். அதுவும் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, முதுகில் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு.

அவர் ஜெர்மனியில் முப்பத்துநான்கு வருடம் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும், குமரி மாவட்டத்தில் அருமனைக்கு அந்தப்பக்கம் கோதையாற்றங்கரையில் இருந்த தன் அப்பா வீட்டைச் சரிசெய்து குடிவந்தார். ஊரில் எல்லோரும் 'ஜெர்மனி சிஸ்டர்' என்றுதான் சொல்வோம். நான் அப்போது அந்த வார்டுக்கு மெம்பர். பக்கத்து வீட்டுக்குப் பேப்பர் கொடுக்கவே பைக்கை எடுக்கிற ஜாதி நான். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த ஐந்து வருடப் பதவிக்காலத்தில் என் நிம்மதியைக் கெடுத்தவர் என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். இப்போது இல்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்வதும் அவருக்காகத்தான்.

முதல் தொந்தரவு அந்தக் கோல்களால் வந்தது. அவர் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. டீக்கடை லீலா அக்கா தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு மனு. "மெம்பரே, அந்தச் சிஸ்டருக்கு ரெண்டு காலும் வயாதாக்கும். பாவம், கம்பூணி கம்பூணி நடக்கு. ஊனமுற்றோர் பென்சனுக்கு எழுதிக் குடும்" என்றார் லீலா அக்கா. நான் மனுவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை. இரண்டு மணிநேரம் காத்திருந்த பிறகு மலைச்சரிவிலிருந்து ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கி வந்தார். மனுவை வாசித்தார். "கால் நல்லாத்தான் இருக்கு மெம்பரே. கோல் ஊணினா மேலும் வேகமாப் போலாம். ஒரு ஜோடி ஒமக்கும் தரட்டா?" என்று கேட்டார். நான் பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது வண்டிகள். எங்கள் ஆட்கள் ஈரமுள்ளவர்கள். தெரிந்த முகம் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு பைக்கிலோ ஜீப்பிலோ தாண்டிப் போவது எங்களுக்குப் பெரிய பாவம். சிஸ்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து வண்டி நிற்கும். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். "கூச்சப்படாதீங்க, கேறுங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ரப்பர்ப் பால் கொண்டுபோகும் வண்டிக்காரன் ஒருவன் அவர் கோல்களைப் பிடுங்கிப் பின்னால் போட்டுவிட்டான். கோல் போன பிறகு ஆள் ஏறாமல் என்ன செய்வது?

நானும் ஒருநாள் அந்தப் புண்ணியத்தைச் செய்தேன். ஐப்பசி, எங்கள் கணக்கில் துலா மாத மழை. குளிக்கடவுப் பக்கம் நனைந்துகொண்டே போனவரை மறித்து, திட்டி, பைக்கில் ஏற்றி, அவர் வீட்டுவாசலில் இறக்கிவிட்டேன். அவர் உள்ளே போய் எனக்குப் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் கதவைப் பூட்டிவிட்டு மழையில் இறங்கினார்.

"இப்ப எங்க போறிய சிஸ்டர்?"

"நீரு என்னைப் பிடிச்ச எடத்துக்கு. அங்கயிருந்து இதுவரைக்கும் உள்ள வழியை நான் நடக்கல இல்லியா? அதை நடக்கணும்."

அவர் சொன்னபடியே திரும்பப் போய், அங்கேயிருந்து மறுபடி நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து, சிஸ்டருக்குப் பைத்தியம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "அதுக்கு வட்டு ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் ஏத்தினிய?" என்று என்னைத்தான் கேட்டாள். அவளுக்கு முதலிலிருந்தே சிஸ்டர் மேல் ஒரு பிரியம்.

இந்த நடைப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் வேலை பார்த்த ஊர் ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. ஆறு நெளிந்து நெளிந்து போகுமாம். இரண்டு பக்கச் சரிவிலும் திராட்சைக்கொடி. அதற்குள்ளே ஆள் நடப்பதற்கென்றே வழி போட்டு, கல்லிலும் மரத்திலும் மஞ்சள் பெயிண்டில் அடையாளம் வைத்திருப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே அந்த வழியில் இறங்கி நடக்கும். ஒவ்வொரு தோட்டத்து வீட்டிலும் அவர்கள் போட்ட வைனில் ஒரு சின்னக் கிளாஸ். எங்கேயும் போவதில்லை. நடந்து, குடித்து, பேசி, சாயங்காலம் அவரவர் வீடு.

"ஒரு காரியமும் இல்லாமலா?" என்று கேட்டேன்.

"ஒரு காரியமும் இல்லாமத்தான்."

பாஷை தெரியாமல், குளிரில், அறைக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணை முதன்முதலில் அந்த வழியில் கூட்டிக்கொண்டு போனவள் அதே ஆஸ்பத்திரியில் சமையல்கட்டில் இருந்த ஹெல்கா. அன்றிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல், ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் நடந்திருக்கிறார்கள். ஹெல்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிஸ்டர் கோலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசுவார்.

அப்படிப்பட்டவர் இங்கே வந்து சும்மா இருப்பாரா? "இஞ்சயும் ஆறு உண்டு. ரெண்டு பக்கமும் சரிவு உண்டு. திராட்சைக்குப் பதிலா ரப்பர். அவ்வளவுதானே வித்தியாசம்?" என்றார்.

"ரப்பர்ல வைன் வராது சிஸ்டர்."

"கிறிஸ்மஸ் வந்தா எந்த வீட்டுப் பரணியில மெம்பரே வைன் இல்ல?"

அது உண்மைதான். நவம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நாற்பது நாள் மூலையில் வைத்திருந்து எடுப்பார்கள். பக்கத்து இந்து வீடுகளுக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போய்ச்சேரும். ஒரு வீட்டில் அன்னாசி, ஒரு வீட்டில் நெல்லிக்காய், ஒரு வீட்டில் சாம்பக்காய். எல்லாமே பாயசம் மாதிரி இனிக்கும்.

ஆக, ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு சிஸ்டர் வழி போடக் கிளம்பினார். ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, ரப்பர்த் தோட்டம், குளிக்கடவு, அன்னாசிக் காடு என்று போய், குருசடியில், அதாவது சாலையோரச் சிலுவைக் கோயிலில், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிற வழி. கண்ணில் பட்ட கல், மரம், மதில் எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் கோடு.

மஞ்சள் கோடு என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம்? ரோடு வரப்போகிறது என்று அர்த்தம். நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. மூன்று நாளில் என் போன் சூடாகி அணைந்தது. ஒருவர் கோடு போட்ட மதிலை ராத்திரியோடு ராத்திரியாக இடித்து இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினார். இன்னொருவர் நஷ்டஈடு கூடுதலாகக் கிடைக்கும் என்று கோட்டை ஒட்டிப் புதிதாக ஒரு கக்கூஸ் கட்டிவிட்டார். ரப்பர் மரத்தில் பெயிண்டைக் கண்ட மர வியாபாரி, வெட்ட விற்றாயிற்று என்று நினைத்துக்கொண்டு வாளோடு ஆள் கூட்டிவந்தார். நான் பைக்கில் வீடு வீடாகப் போய், "ரோடு ஒண்ணும் இல்ல. அது சும்மா நடக்கிறதுக்கு உள்ள வழி" என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கக்கூஸ் கட்டியவர் இன்றுவரை நஷ்டஈட்டுக்காகக் காத்திருக்கிறார்.

அந்த வழியில் நடந்த ஒரே ஆள் சிஸ்டர்தான். ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் பாலத்தில் நின்று பத்து நிமிடம் காத்திருப்பார். எல்லோரும் மாட்டிறைச்சி வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள். பிறகு தனியாகக் கிளம்புவார்.

அவர் என் வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சைப் பேசியது ஒரு நவம்பர் மாதம். எப்போதும் நிமிர்ந்து உட்காருகிறவர் அன்றைக்குக் கூனி உட்கார்ந்திருந்தார். என் மனைவி கொடுத்த காப்பி ஆறிப்போனது.

"மெம்பரே, ஹெல்கா வாறா. அவளும் வேற நாலு பேரும். கிறிஸ்மஸ் கழிஞ்ச ஞாயிறு நம்ம வழியில நடக்கணுமாம்."

"கொள்ளாம். சந்தோசமான காரியந்தானே?"

"நான் ஒரு பொய் எழுதிப்போட்டேன்" என்றார். "இஞ்ச வந்த முதல் வாரம் அவ கேட்டு எழுதியிருந்தா. இப்ப உனக்க கூட ஆரு நடக்கான்னு. ஆரும் இல்லன்னு எழுத எனக்குக் கை வரல. ஊரே நடக்குன்னு எழுதினேன். வாராவாரம் கேட்டா. வாராவாரம் எழுதினேன். வீட்டுக்கு வீடு வைன் தருவாங்கன்னு எழுதினேன். லீலா பாட்டுப் படிச்சிட்டு வருவான்னுகூட எழுதியிருக்கேன். அவளுக்கு எம்பது வயசு. முட்டு ஆப்பரேஷன் கழிஞ்சாச்சு. இன்னொருக்கா வரமாட்டா. நான் இஞ்ச ஒத்தைக்குத்தான் கெடக்கேன்னு கண்டுட்டுப் போனா, அவ அங்க நிம்மதியாக் கண்ணை மூடமாட்டா."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வைனு எனக்க பொறுப்பு சிஸ்டர்" என்றாள். அப்படியே செய்தாள். வழியில் மூன்று வீடுகளிலும் குருசடி முற்றத்திலும் பரணி தயாராக இருக்க ஏற்பாடாகிவிட்டது. ஆட்களை நடக்கவைப்பது என் பொறுப்பு. நான் இருபது பேரைக் கேட்டேன். இருபது பேரும், "எதுக்கு?" என்று கேட்டார்கள். கேள்வி சரியானது.

சரி, கூட நடக்காவிட்டால் போகட்டும். வந்தவர்களையாவது நடக்க விடுவார்களா? ஐந்து வெள்ளைக்காரக் கிழங்கள் கோலூன்றி நடந்தால் எங்கள் ஆட்களின் மனம் தாங்குமா? பாலம் தாண்டுவதற்குள் ஐந்து பேரையும் ஐந்து பைக்கில் ஏற்றி, வெளியூர்க்காரர்கள் போகிற அருவியில் கொண்டு இறக்கிவிடுவார்கள். இதை நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை. சனிக்கிழமை காலையில் லீலா அக்கா கடையில் நின்று டீ குடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அதைவிட நல்ல யோசனை என் அரசியல் வாழ்க்கையில் வந்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

"அக்கா, நாளைக்கு வாற வெள்ளக்காரங்க அஞ்சு பேருக்கும் சுகராக்கும். கடுமை. டாக்டர் தினசரி நடக்கணும்னு சொல்லியிருக்காரு. வண்டியில கேத்தினா உயிருக்கு ஆபத்து."

"எனக்க மாதாவே!" என்றார் லீலா அக்கா. மத்தியானத்துக்குள் செய்தி ஆற்றின் இரண்டு கரையிலும் பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நினைத்ததைவிடச் சிறப்பாக ஆரம்பித்தது. ஹெல்கா குட்டையான பெண்மணி. வெள்ளைமுடி, சிவந்த கன்னம். பாலத்தில் வேனைவிட்டு இறங்கியதும் சிஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கூட வந்ததில் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், கையில் குறிப்பு நோட்டு. நடக்க ஆரம்பித்தோம். நானும் வேறு வழியில்லாமல் நடந்தேன். ஒரு வண்டி நிற்கவில்லை. ஒரு ஆள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி, கையைக் கட்டி, சவ ஊர்வலத்துக்கு நிற்கிறமாதிரி நின்றார்கள். சிஸ்டர் என்னை நன்றியோடு பார்த்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

முதல் வீட்டில் முற்றம் பெருக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஷோகேஸில் பூட்டிவைத்திருந்த துபாய் கண்ணாடிக் கிளாஸ்களை வெளியே எடுத்திருந்தார்கள். தட்டில் கிளாஸ் வந்தது. உள்ளே பச்சை நிறத்தில் ஏதோ இருந்தது. நான் முகர்ந்து பார்த்தேன். பாகற்காய்ச் சாறு.

வீட்டுக்கார அம்மாளை ஓரமாகக் கூப்பிட்டு, "வைன் எங்க?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆளு நீரு! சுகருக்காரங்களுக்கு ஆராவது வைன் குடுப்பாவளா? மூணு கிலோ சீனி போட்டதாக்கும். பாவம், வீட்டுக்கு வந்தவங்களக் கொல்லச் சொல்லுதீரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடையைப் பற்றி யோசித்த நான் வைனைப் பற்றி யோசிக்கவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் விருந்தாளிகள் அதை வைன் என்றே எடுத்துக்கொண்டார்கள். கிளாஸைத் தூக்கி வெயிலில் பிடித்து நிறம் பார்த்தார்கள். சுழற்றினார்கள். மூக்கை உள்ளே விட்டு மோந்தார்கள். ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டார்கள். ஹெல்காவின் ஒரு கண் தானாகத் துடித்தது. வாத்தியார் வெகுநேரம் யோசித்து நோட்டில் ஏதோ எழுதினார். சிஸ்டர் தன் கிளாஸை ஒரு வாய் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காதபோது செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டார்.

இரண்டாவது வீட்டில் வெந்தயம் ஊறவைத்த வெள்ளம். மூன்றாவது வீட்டில் நாவல்கொட்டைப் பொடி கலக்கிய கஷாயம். அந்த வீட்டுப் பெரியவர் தன் அனுபவத்தில் கண்டது என்று கூடவே ஆளுக்கு இரண்டு வேப்பங்கொழுந்தும் வைத்தார். விருந்தாளிகள் ஒவ்வொன்றையும் மரியாதையாகச் சுழற்றி, மோந்து, குடித்து, தலையாட்டினார்கள். வாத்தியார் பக்கம் பக்கமாக எழுதினார்.

சிஸ்டர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "மெம்பரே, என்ன சொல்லி வச்சீரு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. "ஆகெ, இவங்க வழிவிட்டதும் சுகருக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

குருசடி முற்றத்தில் நல்ல கூட்டம். வெள்ளைக்கார நோயாளிகளைப் பார்க்க நாற்பது பேராவது வந்திருந்தார்கள். லீலா அக்கா பெரிய பாத்திரத்தோடு நின்றார். உள்ளே ஆவாரம்பூ வெள்ளம். சிஸ்டர் குருசடித் திண்டில் ஏறி நின்று கோலைத் தூக்கினார்.

"கேளுங்க. இவங்க ஆருக்கும் சுகர் இல்ல. ஒருத்தருக்கும் இல்ல. இவங்க சும்மா நடக்க வந்தவங்க!"

கூட்டம் அவரை இரக்கத்தோடு பார்த்தது. "மெம்பரு பின்ன பொய்யா சொல்லுவாரு?" என்றார் லீலா அக்கா. என் வாழ்க்கையில் எங்கள் ஊர் என்னை நம்பியது அந்த ஒரே தடவைதான். நான் பொய்தான் சொன்னேன் என்று கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

ஹெல்த் சென்டர் நர்ஸ் ஷீபாவின் வீடு குருசடிக்குப் பக்கத்தில். "எதுக்கு வழக்கு? மெஷின் உண்டு. பாத்துட்டாப் போச்சு" என்று சுகர் பார்க்கிற மெஷினை எடுத்துவந்தாள். சிஸ்டர் ஜெர்மன் பாஷையில் என்னவோ விளக்கினார். ஐந்து பேரும் இந்த ஊர் வழிபாடு என்று நினைத்தார்களோ என்னவோ, வரிசையாக நின்று பவ்யமாக விரலை நீட்டினார்கள். ஹெல்கா குத்து வாங்குவதற்கு முன்னால் குருசைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஐந்து பேருக்கும் நார்மல்.

"இப்பம் நம்பினியளா?" என்றார் சிஸ்டர்.

முதல் வீட்டு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எனக்க பாவக்காச் சாறாக்கும் வேலை செய்தது!" என்றார். கூட்டம் கை தட்டியது. நாவல்கொட்டைப் பெரியவர் விடுவாரா? பாதி தன் கஷாயத்தில் இறங்கியது என்றார். அரைமணி நேரத்தில் எல்லாம் அப்படி இறங்காது என்று ஷீபா கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எப்படியோ, நோய் தீர்ந்துவிட்டது. இனி வைன் கொடுக்கலாம் என்று தீர்ப்பானது. நாலு பேர் பரணி எடுக்க ஓடினார்கள்.

அந்த நேரத்தில்தான் லீலா அக்கா, "சிஸ்டருக்கும் ஒண்ணு பாத்திரும் ஷீபா. வந்த எடத்துல எல்லாருக்கும் பாத்தாச்சுல்லா?" என்றார்.

சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வேண்டாம்." ஹெல்கா அதைக் கண்டு, வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்து, அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விரலை விரித்து ஷீபாவிடம் நீட்டினார். ஹெல்கா பிடித்த கையைச் சிஸ்டர் எப்படி உதறுவார்? ஷீபா குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். தன் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"முந்நூறுக்கு மேல இருக்கு சிஸ்டர்" என்றாள் மெதுவாக.

லீலா அக்கா அழுதுகொண்டே ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "எனக்க பொன்னு சிஸ்டரே! நாலு வருசமா இதுக்காக்கும் நடந்தியளா? எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லப்படாதா?" ஊர் முழுவதும் பெருமூச்சு விட்டது. பெரிய முடிச்சு ஒன்று அவிழ்ந்துவிட்ட சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது.

வைன் வந்தது. விருந்தாளிகள் ஒரு வாய் குடித்ததும் அவர்கள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தனை கசப்புக்குப் பிறகு மூன்று கிலோ சீனி. வாத்தியார் நோட்டை மூடி வைத்துவிட்டு இரண்டாவது கிளாஸ் கேட்டார். சிஸ்டர் கை நீட்டியபோது மட்டும் நாற்பது பேரும் ஒரே குரலில், "அய்யோ, கூடாது!" என்றார்கள். தான் போட்ட வழியில், தான் வரவழைத்த வைனில் அவருக்கு ஒரு சொட்டு கிடைக்கவில்லை. ஆவாரம்பூ வெள்ளம்தான் கிடைத்தது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றதால் அதைச் செடிக்கு ஊற்றவும் முடியவில்லை.

திரும்பும் வழிக்குக் கிளம்பினோம். "முந்நூறு சுகரு உள்ள ஆளை ஒத்தைக்கு விடலாமா? வழியில மயங்கி விழுந்துட்டா?" என்றார் லீலா அக்கா. அதற்குப் பிறகு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது பேரும் பின்னால் வந்தார்கள். ஒருவன் சிஸ்டர் மயங்கினால் உட்காரவைக்கப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். ஷீபா தண்ணீர்ப் பாட்டிலும் மெஷினும் எடுத்துக்கொண்டாள். ஆவாரம்பூப் பாத்திரமும் கூட வந்தது. அன்னாசிக் காட்டைக் கடக்கும்போது பயம் போக லீலா அக்கா மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட, மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். ரப்பர்த் தோட்டம் முழுக்க அந்தப் பாட்டு எதிரொலித்தது.

ஹெல்கா நின்று திரும்பிப் பார்த்தார். சரிவு நெடுக வரிசையாக ஊர் இறங்கிவந்துகொண்டிருந்தது. சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

சாயங்காலம் விருந்தாளிகளை வேனில் ஏற்றி அனுப்பினோம். ஹெல்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக் கையாட்டிக்கொண்டே போனார். சிஸ்டர் வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பைக்கைக் காலால் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே போனேன்.

"அந்த அம்மா அப்பம் என்ன சொன்னாவ சிஸ்டர்?"

"நீ எழுதினதை நான் முழுசும் நம்பல, மன்னிச்சுக்கோ, எல்லாம் நிஜந்தான்னு சொன்னா." வழியில் கிடந்த கல் ஒன்றைக் கோலால் ஓரம் தள்ளினார். "இனி அவ நிம்மதியா இருப்பா."

"அது போட்டும். சுகருக்கு மருந்து பாக்கணும். இத்தனை கூடுதல்னு உங்களுக்குத் தெரியாமப் போச்சே."

"தெரியாதா? நான் நர்ஸாக்கும் மெம்பரே. அங்க இருக்கும்பமே வந்தாச்சு. மாத்திரை பெட்டி நெறைய உண்டு. ஹெல்கா வாற சந்தோசத்துல ஒரு வாரமா ஒழுங்கா முழுங்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன முதல் நாளே சுகருன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே? ஊரு உங்களை இத்தனை வருசம் இந்தப் பாடு படுத்தியிருக்குமா? நான்தான் இந்தப் பொய் சொல்லியிருப்பேனா?"

சிஸ்டர் நின்றார். இரண்டு கோலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நடக்கத் தொடங்கும்ப எனக்கு இருபத்துமூணு வயசு. சுகர் வரும்ப அம்பது. நடுவுல இருபத்தேழு வருசம் நான் எதுக்கு நடந்தேன் மெம்பரே? சுகருன்னு ஒரு தடவை சொல்லிட்டா அதெல்லாம் எங்க போவும்?"

பைக்கை ஒரு வேலியோரம் நிறுத்திப் பூட்டிவிட்டு, அவர் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன்.